போற வழிக்கு ஒரு தாளம்

அல்போன்சம்மாவின் வலது காற்பெருவிரல் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. அது நின்றதை றொபின்சன் கவனித்தபோது பாட்டில் இரண்டு வரி தாண்டிப் போயிருந்தான். மேசையில் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் ஒரு கணம் தடுமாறின. பிறகு திரும்பவும் தட்டத் தொடங்கின. பாட்டைப் பாதியில் விடுவது மாமிக்குப் பிடிக்காது. மிச்சமிருந்த இரண்டு வரியையும் பாடி, கடைசித் தட்டை வழக்கம்போலக் கொஞ்சம் பலமாகப் போட்டுவிட்டுத்தான் அவன் கதிரையை விட்டு எழுந்து முகத்தைப் பார்த்தான்.

வாய் சற்றே திறந்திருந்தது. யாரையோ பற்றிப் பகிடி சொல்ல எடுத்த வாய்தான் அது. கண்கள் மூடியிருந்தன. இரண்டு மாதமாக அந்த அறையில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த மூச்சின் இரைச்சல் இல்லை. யன்னலுக்கு வெளியே சோளகக் காற்று பனைகளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. பத்து மணி தாண்டியிருக்கும்.

"மாமி," என்று ஒருமுறை கூப்பிட்டான். பிறகு எஞ்சின் ஒயில் கறை போகாத கைகளைச் சாரத்தில் துடைத்துவிட்டு, போர்வையை இழுத்து அந்தக் கால்விரலை மூடினான். மூடியது சரியில்லை என்று பட்டது. திரும்ப விலக்கிவிட்டான்.

அவனுடைய மனைவி நிலுஜா பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு நின்றாள். போன் எடுத்ததும், "என்ன, மூச்சு முட்டுதோ?" என்றுதான் கேட்டாள்.

"இல்லை. முட்டேல்லை." அவன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான். "பாட்டுக் கேட்டுக்கொண்டு கிடந்தவ. அப்பிடியே..."

மறுபக்கத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் மட்டும் கேட்டது. நிலுஜா, என்ன பாட்டு என்று கேட்கவில்லை. "வாறன்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவள் வரும்வரை றொபின்சன் அறை வாசலிலேயே நின்றான். இரண்டு மாதத்துக்கு முன்புவரை அந்த வாசலுக்குள் அவன் காலெடுத்து வைத்ததில்லை.

அது நிலுஜாவுக்குச் சீதனமாக வந்த வீடு. ஒரே மகளை அரசாங்க உத்தியோகக்காரன் ஒருவனுக்குக் கொடுக்கவேண்டும் என்று அல்போன்சம்மா இருந்தார். மகள் விரும்பி வந்து நின்றது நெடுந்தீவுக்குள்ளேயே படகு எஞ்சின் திருத்துகிற ஒருவனிடம். அல்போன்சம்மா சண்டை பிடிக்கவில்லை, அழவில்லை, கலியாணத்தைக் குறைவில்லாமல் செய்து வைத்தார். மருமகனோடு கதைக்கவில்லை, அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாகக் கதைக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் றொபின்சன் இரண்டு முழத் தூரத்தில் இருப்பான். "அவருக்குக் குழம்பு காணுமோ எண்டு கேள்," என்பார் மகளிடம். "காணும் எண்டு சொல்லும்," என்பான் றொபின்சன், அவனும் நிலுஜாவைப் பார்த்து. அவர் விறாந்தையில் இருந்தால் இவன் பின்பக்கத்தால் போவான். ஊரில் அதை மரியாதை என்று நினைத்தார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்த வீட்டில் ஆகப் பெரிய சத்தம், வளவு மூலையில் இருந்த அவனுடைய கொட்டிலில் எஞ்சின்களை முடுக்கிப் பார்க்கிற சத்தம்தான்.

போன மாரியில் அல்போன்சம்மாவுக்கு இருதயம் களைத்துப்போனது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் ஒரு கிழமை வைத்திருந்தார்கள். இனிச் செய்ய அதிகமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். கால் வீங்கியது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. பிறகு நடக்காமலே வாங்கியது. அந்த நேரங்களில் அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முழிக்கிற முழி, நிலுஜாவுக்குப் பார்க்க ஏலாது.

கிழமைக்கு ஒருமுறை ஸ்கூட்டியில் வருகிற நேர்ஸ் துசாராதான் ஒருநாள் நிலுஜாவைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னாள்.

"ரீச்சர், மூச்சு முட்டுறது பாதிதான். மற்றப் பாதி பயம். பயந்தா மூச்சு இன்னும் கூடும், கூடினா இன்னும் பயம் வரும். நெடுக மருந்து குடுத்தா அம்மா நித்திரையாவே கிடப்பா. மனசுக்கு ஆறுதலான இசை ஏதாவது மெல்லமாப் போட்டுவிட்டுப் பாருங்கோ. கன பேருக்கு அது உதவுது."

நிலுஜா அன்றைக்கே போனில் இறக்கினாள். முதலில் வீணை. அல்போன்சம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உந்த மனுசிக்கு என்ன கவலையாம்?" என்றார். புல்லாங்குழல் போட்டபோது, மாடு தொலைத்தவன் தேடுகிற மாதிரி இருக்கிறதென்றார். கடலலைச் சத்தம் போட்டாள். அவர் யன்னலைக் காட்டினார். "கடல் உங்க கிடந்து இரையுது. பிறகு போனுக்குள்ள இன்னொரு கடல் என்னத்துக்கு?" கடைசியில் கோயில் பாட்டுப் போட்டபோது கையெடுத்துக் கும்பிட்டார். "பிள்ளை, இது என்னைப் பெட்டிக்குள்ள வைச்சாப் பிறகு படிக்கிற பாட்டு. இப்பவே போட்டா நான் பெட்டியைத் தேடுவன்." நிலுஜா போனை நிறுத்திவிட்டுக் குசினிக்குள் போய் நெடுநேரம் பாத்திரம் கழுவினாள்.

வைகாசியில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. றொபின்சன் கொட்டிலில் எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டபடி இருந்தான். காத்தாடி நின்ற கையோடு மாமியின் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆழம் தெரியாத தண்ணீருக்குள் விழுந்தவர் போடுகிற சத்தம். கையில் நட்டுக் கழற்றுகிற சாவியோடு ஓடிப்போனவன் வாசலில் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே போகலாமா? தொடலாமா? நிலுஜா வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அல்போன்சம்மா சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் முதல்தரமாக நேருக்கு நேர்.

அவன் உள்ளே போனான். கட்டிலருகே இருந்த மரமேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதற்றம் வந்தால் அவனுடைய கை சும்மா இருக்காது, எதிலாவது தட்டும். இளவட்டத்தில் ஊர்ப் பெடியங்களோடு சேர்ந்து கலியாண வீடுகளில் ஆட்களை எழுப்பி ஆடவைக்கிற பைலாப் பாட்டுக்கு அடித்த கை அது. அந்தப் பெடியங்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போக, இவனுடைய தாளத்தை எஞ்சின் மூடிகள்தான் கேட்டன. இப்போதும் அவன் அறியாமலே விரல்கள் மேசையில் பைலாத் தாளம் போட்டன. மருந்துப் போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன. தான் செய்கிற காரியம் விளங்கியதும் அவன் திடுக்கிட்டுக் கையை எடுத்தான்.

"நிப்பாட்டாதையும்," என்றார் அல்போன்சம்மா.

அவன் தட்டினான். கொஞ்சம் மெதுவாக, தோணியை அலை தூக்கிப் போடுகிற கதியில். சும்மா தட்டுவது வெட்கமாக இருந்ததால் வாயில் வந்ததைப் பாடினான். எந்தப் பாட்டும் ஞாபகம் வரவில்லை. எதிரில் கிடந்தது குளிசை டப்பா, இரண்டு மாத்திரை மிச்சமாக.

"கோழி கூவிப் பொழுதும் போச்சு – மாமி
குளிசை ரெண்டு மிச்சம் ஆச்சு
நாளைக்குத் துசாரா வந்தால் – ஐயோ
நானெல்லோ வாங்குவன் ஏச்சு."

அல்போன்சம்மாவின் கண்கள் அகலமாயின. நெஞ்சு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இப்போது அது தாளத்தைத் தேடியது. ஒரு தட்டுக்கு உள்ளே, ஒரு தட்டுக்கு வெளியே. அவன் கதியைக் குறைக்கக் குறைக்க மூச்சும் குறைந்துகொண்டு வந்தது. எவ்வளவு நேரம் தட்டினான் என்று அவனுக்குத் தெரியாது. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்து மடியில் விழுந்தது.

"ரெண்டு இல்லை," என்றார் கடைசியில். "மூண்டு குளிசை. ஒண்டைத் தலகணிக்குக் கீழ ஒளிச்சு வைச்சிருக்கிறன். துசாராவிட்டச் சொல்லிப்போடாதையும்."

அப்படித்தான் தொடங்கியது.

அடுத்தநாள் பத்து மணிக்கு, "தம்பி, வேலையோ?" என்று அறைக்குள் இருந்து குரல் வந்தது. யாரையோ கூப்பிடுகிறார் என்று றொபின்சன் பேசாமல் இருந்தான். இரண்டாம் தரமும் வந்தபோதுதான் அந்தத் தம்பி தானென்று விளங்கியது. அதிலிருந்து நாள்தோறும் பத்து மணிக்கு அவன் கைகழுவிக்கொண்டு போய் உட்காருவான். முதலில் அவன்தான் கட்டிப் பாடினான். நாலாம் நாள் அல்போன்சம்மா ஒரு சொல்லை மாற்றினார். ஒரு கிழமைக்குள் பாட்டு முழுவதும் அவருடையதாகிவிட்டது. இவன் வெறும் தாளக்காரன். செபமாலை சொல்வதில் ஊருக்கே முன்னுக்கு நின்ற மனுசிக்குள் இவ்வளவு குறும்பு இத்தனை காலமும் எங்கே கிடந்ததென்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. பக்கத்து வீட்டு ஞானசவுந்தரி ஆசையாகக் கறி வைத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் படலையைத் தாண்டியிருக்கமாட்டாள், இங்கே பாட்டு ரெடியாகிவிடும்.

"ஞானசவுந்தரி வைச்ச குழம்பு – அதில
நாலு கடலின் மொத்த உப்பு
வாயில வைச்ச மனுசன் ஓடிச்
சாட்டியில தேடுறார் தண்ணிச் செம்பு."

"சாட்டிக் கிணத்துக்குக் கடல் தாண்டியெல்லோ போகவேணும், மாமி. பாவம் அந்த மனுசி."

"பாவம்தான். அதுதான் முழுக்கச் சாப்பிட்டனான். நீர் தட்டும்."

ஒருநாள் பாட்டுக்கு நடுவில் அவர் சொன்னார்: "நானும் ஆடினனான், தெரியுமே? பத்தொன்பது வயசில, ஒரு கலியாண வீட்டில. பைலாக்காரர் வந்தவை. எங்கட அப்பு கண்டிட்டு, காதில பிடிச்சு வீட்டை கூட்டிக்கொண்டு வந்தவர். அண்டைக்குப் பாதியில விட்டது." அவ்வளவுதான். பிறகு மரியாம்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். மரியாம்பிள்ளை அவருடைய தம்பி. ஊர்காவற்றுறையில் பெரிய வீடு, வாசலில் உயரமான இரும்புக் கேற்று, பிள்ளைகள் பிரான்சில்.

"மரியாம்பிள்ளை போட்டார் கேற்று – அது
மாதாகோயிலிலும் உசரக் கேற்று
ஆடு மாடு வரவே இல்லை – உள்ளே
ஆளும் வராமல் வீசுது காத்து."

துசாரா வந்து மணிக்கூட்டைப் பார்த்து மூச்சு எண்ணினாள். நம்பாமல் திரும்பவும் எண்ணினாள். "போன முறை முப்பத்தாறு. இப்ப இருபத்திநாலு. அம்மாவின்ர முகமும் நல்லா இருக்கு. என்ன இசை போடுறனீங்கள்?"

றொபின்சன் நிலத்தைப் பார்த்தான். அல்போன்சம்மா யன்னலைப் பார்த்தார்.

"புல்லாங்குழல்," என்றார்.

"நான் சொன்னனானெல்லே!" துசாரா சந்தோசமாகக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனாள். ஸ்கூட்டிச் சத்தம் வேலி தாண்டும்வரை இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் சாவதற்குப் பன்னிரண்டு நாளுக்கு முன், பாட்டு ஒன்று முடிந்த பிறகு, அல்போன்சம்மா சிரிக்காமல் அவனைப் பார்த்தார்.

"தம்பி, என்னைக் கொண்டுபோகேக்க மரியாம்பிள்ளை பாண்ட்காரரைக் கூட்டிக்கொண்டு வருவான். அவையள் ஊதுற ஊதலுக்கு எனக்கு மூச்சு முட்டும்."

"அப்ப ஏது மாமி மூச்சு?"

"மூச்சு இராது. பயம் இருக்குமே." அவர் போர்வையின் நுனியை மடித்து மடித்து விரித்தார். "தெரியாத வழி. ஆரும் கூட வரமாட்டினம். நீர் கிட்ட நிண்டு தட்டிக்கொண்டு வாரும், ஏலுமெண்டால். சேமக்காலைப் படலை மட்டும் வந்தாக் காணும். அங்கால குழிதானே."

றொபின்சன் தலையை மட்டும் ஆட்டினான்.

செய்தி கேட்டுப் பள்ளிக்கூடத்தால் வந்த நிலுஜா சைக்கிளைச் சுவரில் சாத்தாமல் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கட்டிலில் உட்கார்ந்து தாயின் நெற்றியில் விழுந்திருந்த மயிரை ஒதுக்கினாள். அவள் குழறி அழுவாள் என்று அவன் நினைத்தான். அவள் மெதுவாக ஒன்றைத்தான் கேட்டாள்.

"சிரிச்சவவோ?"

"ஓம்."

"கனக்கவோ?"

"கனக்க."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு, தாயின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குள் ஞானசவுந்தரி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பெருங்குரல் எடுத்துக்கொண்டு வந்தாள். வளவு நிறையத் தொடங்கியது.

மத்தியானப் படகில் மரியாம்பிள்ளை வந்து இறங்கினார். வரும்போதே எல்லாம் ஒழுங்கு செய்து முடித்திருந்தார். பெட்டி பின்னேரப் படகில் வரும். நாளைக்குப் பத்து மணிக்குத் திருப்பலி. பாண்ட் காலைப் படகில்.

றொபின்சன் பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே, "மாமா," என்றான். "மாமி பாண்ட் வேண்டாமெண்டு கேட்டவ."

"வேண்டாமோ? பின்னை என்ன வேணுமாம்?"

ஐந்தாறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். றொபின்சன் கயிற்றுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டான். "பைலா," என்றான்.

மரியாம்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். "செத்த வீட்டிலயோ? எங்கட அக்காவோ கேட்டவ? தம்பி, அக்கா உம்மோட ஒரு நாளாவது கதைச்சவவோ? ஊருக்கே தெரியும்." கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "ஊர் சிரிக்கப் பண்ணிப்போடாதையும்."

செபம் சொல்ல வந்த பங்குச் சுவாமியார் அங்கேதான் நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "கோயிலுக்குள்ள எல்லாம் முறைப்படி," என்றார் அவர். பிறகு செபப்புத்தகத்தை விரித்துக்கொண்டே, "றோட்டில நான் முன்னுக்குப் போறவன். பின்னுக்குத் திரும்பிப் பாக்கிற பழக்கம் எனக்கில்லை," என்று சேர்த்தார். அது ஓமா இல்லையா என்று யாருக்கும் விளங்கவில்லை. நிலுஜா அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

அடுத்தநாள் விடிந்து வெளிச்சம் பரவியபோது அவன் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். நிலுஜா வந்து கிணற்றுக்கட்டில் சாய்ந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, இதில நிண்டுதான் நான் கேக்கிறனான்," என்றாள்.

"எதை?"

"பாட்டை. முதல்நாள் பள்ளிக்கூட இன்ரவெலுக்கு ஒரு கொப்பி எடுக்க வந்தனான். அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டுது. எங்கட அம்மாதானோ எண்டு எனக்கே சந்தேகம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இன்ரவெலுக்கு வந்து இதில நிண்டு கேட்டுப்போட்டுத் திரும்பிப் போறனான்."

"உள்ள வந்திருக்கலாமே."

"வந்தா நிண்டிடும் எண்டு பயம்." அவள் வாளிக் கயிற்றை விரலில் சுற்றினாள். "எல்லாரைப் பற்றியும் பாடினவ. மாமா, ஞானசவுந்தரியக்கா, சுவாமியார், கடைக்காரர், உங்களைப் பற்றியும் மூண்டு பாட்டு. என்னைப் பற்றி ஒண்டும் பாடேல்லை. நானும் இண்டைக்குப் பாடுவா, நாளைக்குப் பாடுவா எண்டு நிண்டு பாத்தனான்."

றொபின்சன் முகத்தைத் துடைத்தான். சொல்வதா விடுவதா என்று யோசித்தான்.

"நான் கேட்டனான். மகளைப் பற்றியும் ஒண்டு கட்டுவம் மாமி எண்டு. அதுக்கு அவ, 'அவளை விடும். அவளிட்டப் பிழை பிடிக்க ஒண்டுமில்லை' எண்டு சொன்னவ."

நிலுஜா அவனைப் பார்த்தபடி நின்றாள். "ஒண்டுமில்லையாமோ?"

"அப்பிடித்தான் சொன்னவ."

"நாப்பது வருசமாப் பிடிச்சவ!" அவள் சிரிக்கத் தொடங்கினாள். "பின்னல் கோணல் எண்டு, கோப்பி தண்ணி எண்டு, நடை வாத்து நடையெண்டு, விடிஞ்சாப் பொழுதுபட்டா..." சிரிப்பு எங்கேயோ வழியில் மாறி அழுகையாகி, திரும்பச் சிரிப்பாக வந்தது. நேற்றிலிருந்து வராத கண்ணீர் முழுவதும் அந்தக் கிணற்றடியில் வந்தது. அவன் பக்கத்தில் நின்றான். அவள் மூக்கைத் துடைத்த பிறகு, மாமி பயத்தைப் பற்றிச் சொன்னதையும், சேமக்காலைப் படலை வரைக்கும் தட்டிக்கொண்டு வரச் சொன்னதையும் சொன்னான். நேற்று ஆட்களுக்கு முன்னால் அதை மட்டும் அவனால் சொல்ல முடிந்திருக்கவில்லை.

நிலுஜா கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள். "படகு வந்திட்டுது. பாண்ட்காரருக்குத் தேத்தண்ணி குடுக்கவேணும்," என்று உள்ளே போனாள்.

பாண்ட்காரர் ஐந்து பேர். சிவப்புச் சட்டை, தங்கப் பொத்தான். எக்காளம் ஊதுகிறவர் கட்டையான, வயிறு வைத்த மனிதர். வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகும்வரை ஊதினார்கள். நெஞ்சைப் பிழிகிற ஊதல்தான், தொழில் தெரிந்தவர்கள். மதிலோரம் நின்ற பெண்கள் அதற்கென்றே அழுதார்கள். திருப்பலி முடிந்ததும் பெட்டியை ஆறு பேர் தோளில் எடுத்தார்கள். றொபின்சன் முன்பக்கம் இடது தோள். சேமக்காலைக்குக் கால் மைல் தூரம். இரண்டு பக்கமும் கல்வேலி. முன்னால் சிலுவை, பிறகு சுவாமியார், பாண்ட், அதன்பின் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் நிலுஜாவும் மரியாம்பிள்ளையும். அவர்களுக்குப் பின்னால் ஊர்.

பெட்டியின் பலகை அவன் காதோடு ஒட்டியிருந்தது. ஊதல் உயர உயர, மாமி உள்ளே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது போலவே அவனுக்குப் பட்டது. வெயில் ஏறிவிட்டது. பாதி வழியில், சோளகக் காற்று வாய்க்குள் மண்ணை அடிக்க, பாண்ட்காரர் ஊதுவதை நிறுத்தி உதட்டைத் துடைத்தார்கள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது அவனுடைய கை தொடங்கியது. பெட்டியைத் தாங்கியிருந்த கையின் நான்கு விரல்கள் பலகையில். மேசையைவிட இது நல்ல மரம். சத்தம் வடிவாக வந்தது. மெதுவாக, தோணியை அலை தூக்கிப் போடுகிற கதியில். பின்தோளில் நின்றவன், "அண்ணை, என்ன செய்யிறீங்கள்?" என்று குசுகுசுத்தான். மரியாம்பிள்ளை முன்னுக்கு வந்து அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் விரல்கள் நின்றுவிட்டன.

மூன்று அடி நடந்திருப்பார்கள்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?" பின்னாலிருந்து நிலுஜாவின் குரல், வகுப்பில் கடைசி வாங்குக்கும் கேட்கிற குரல். "தட்டுங்கோ. அம்மா பயப்பிடுவா."

அவன் தட்டினான். ஒரு சுற்று வெறும் தாளம் போனது. இரண்டாம் சுற்றில் நிலுஜா பாடத் தொடங்கினாள். ஞானசவுந்தரியின் குழம்பைத்தான் முதலில் எடுத்தாள். நாலு கடல் உப்பும் வந்து, மனுசன் சாட்டிக்குத் தண்ணீர் தேடி ஓடியபோது, கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஞானசவுந்தரி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். "படுபாவி," என்றாள் அழுதழுது. "நல்லாயிருக்கு எண்டு சொல்லியெல்லோ முழுக்கத் திண்டவ!" அதோடு பெண்கள் பக்கம் உடைந்தது. சிரிப்பு மதிலில் பட்டுத் திரும்பி வந்தது.

அடுத்தது கேற்று. நிலுஜா மாமாவைப் பார்க்காமலே பாடினாள். 'ஆளும் வராமல் வீசுது காத்து' என்ற இடத்தில் மரியாம்பிள்ளை நடப்பதை நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கண்ணாடியைக் கழற்றினார். கைலேஞ்சியைத் தேடினார். பிறகு பெரிய அடி வைத்துத் திரும்பப் பெட்டிக்குக் கிட்ட வந்து, "இது அக்கா கட்டினதுதான்," என்றார், யாருக்கென்று இல்லாமல். "சின்னனிலயும் இப்பிடித்தான் என்னைப் பழிக்கிறவ. நான் மறந்துபோனன்." அவருடைய கை தொங்கியபடியே தொடையில் தாளம் போட்டது.

பாண்டின் மேளகாரர் முதலில் சேர்ந்துகொண்டார், விளிம்பில் குச்சியால் மெல்லமாக. எக்காளக்காரர் வாத்தியத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காதைக் கொடுத்து நடந்தார். சுவாமியார் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நடையைக் குறைத்துக்கொண்டார். கால் மைல் வழி நீண்டது.

தெரிந்த பாட்டெல்லாம் முடிந்தபோது சேமக்காலைப் படலைக்கு இன்னும் இருபது அடி இருந்தது. றொபின்சன் தாளத்தை விடவில்லை. நிலுஜா தொண்டையைச் செருமினாள். இந்த முறை அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அந்தப் பாட்டை அவன் முன்பு கேட்டதில்லை.

"அல்போன்சம்மா போறா பாருங்கோ – வேலிக்
கல்லெல்லாம் வழியை விடுங்கோ
பிழை பிடிக்க ஆளில்லை எனக்கு – நாளைக்குப்
பின்னல் கோணினால் ஆர், சொல்லுங்கோ."

படலையடியில் றொபின்சன் கடைசித் தட்டைப் போட்டான்.

நாலு மணிப் படகுக்கு மரியாம்பிள்ளையையும் பாண்ட்காரரையும் வழியனுப்ப இரண்டு பேரும் துறைக்குப் போனார்கள். மரியாம்பிள்ளை படகில் ஏறக் கால் வைத்தவர் திரும்பினார்.

"தம்பி, அது உண்மையில உசரம்தான்."

"எது மாமா?"

"கேற்று. எட்டடி." கையைத் தூக்கி உயரத்தைக் காட்டினார். "அடுத்த கிழமை ரெண்டு பேரும் வாருங்கோ. வந்து நாலு நாள் நில்லுங்கோ. திறந்து வைக்கிறன்."

"வருவம் மாமா," என்றாள் நிலுஜா.

கயிற்றைக் கழற்றினார்கள். படகு பின்னுக்குப் போய்த் திரும்பி, அலையில் ஏறி இறங்கிக்கொண்டு வெளியே போனது. சிவப்புச் சட்டைகள் பின்பக்கத்தில் கூட்டமாக இருந்தன. எஞ்சின் சத்தம் தேய்ந்தபோது, காற்றுக்கு மேலாக எக்காளம் கேட்டது. அந்தக் கட்டை மனிதர் எழுந்து நின்று மாமியின் பைலாவை ஊதிக்கொண்டிருந்தார். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாம் வரியும் வந்தது. மூன்றாம் வரியில் பிழைத்து, சத்தம் கோணிக்கொண்டு எங்கோ போயிற்று. படகில் யாரோ சிரிப்பது கேட்டது.

நிலுஜா கையைக் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். றொபின்சனும் அசையவில்லை.

எக்காளக்காரர் உதட்டைத் துடைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்கினார்.